தட்டை அடி வாணலியும் ஜாய்ஸ் சென்னும்

சீனச் சமையல் பற்றிப் பேச்செடுத்தால் யாராவது ஒருவர் தவறாமல் இதைச் சொல்லிவிடுவார்: வோக் என்ற சீன வாணலிக்கு அடி உருண்டையாகத்தான் இருக்க வேண்டும், தட்டை அடி வோக் எல்லாம் வெள்ளைக்காரர்களுக்காகச் செய்த போலிச் சரக்கு. இந்தப் பேச்சு இன்னொரு பேச்சையும் கையோடு கூட்டிக்கொண்டு வரும். அந்தத் தட்டை அடியை அமெரிக்க அடுக்களைக்குள் கொண்டுபோனவர் ஜாய்ஸ் சென். அவர் சீனச் சமையலை அமெரிக்க நாக்குக்கு ஏற்ப மழுக்கிக் கொடுத்தே பேர் வாங்கினார் என்பார்கள். இரண்டும் எனக்கு ஒப்பாத கருத்துகள். முதலாவது அடுப்பைப் பற்றித் தெரியாமல் சொல்வது. இரண்டாவது, அவர் எதை மாற்றினார், எதைத் தொடாமல் விட்டார் என்று பிரித்துப் பார்க்காமல் சொல்வது. உண்மையில் அவரைக் குறை சொல்ல இடம் இருக்கிறது, ஆனால் அது வேறு இடம்.

ஜாய்ஸ் சென் 1917ல் பெய்ஜிங்கில் பிறந்தவர். இயற்பெயர் லியாவ் ஜியா-ஐ. வசதியான குடும்பம், வீட்டில் சமையலுக்கு ஆள் உண்டு. அந்தச் சமையல்காரர் செய்வதைப் பார்த்துப் பார்த்துத்தான் அவர் கற்றுக்கொண்டார். 1949ல், கம்யூனிஸ்ட் படை ஷாங்காயைப் பிடிக்கும் தறுவாயில், கணவர் தாமஸ், இரண்டு பிள்ளைகளோடு கிளம்பி அமெரிக்காவுக்குப் போனார். மாசசூசெட்ஸ் மாநிலத்துக் கேம்பிரிட்ஜில் குடியேறினார்கள். ஒரு பக்கம் ஹார்வர்டு, மறுபக்கம் எம்ஐடி. அங்கே படித்துக்கொண்டிருந்த சீன மாணவர்களுக்கு ஊர்ச் சாப்பாடு என்றால் ஜாய்ஸ் வீட்டுச் சாப்பாடுதான். 1957ல் மகள் படித்த பள்ளியின் விற்பனை விழாவுக்கு எக் ரோல் செய்து அனுப்பினார். வைத்த சுருக்கில் தீர்ந்துபோய், இன்னும் செய்து தரச் சொல்லிக் கேட்டார்கள். அடுத்த ஆண்டே, 1958ல், கேம்பிரிட்ஜின் கான்கார்டு அவென்யூவில் தம் பெயரிலேயே உணவகம் திறந்துவிட்டார்.

அந்தக் காலத்து அமெரிக்கச் சீன உணவகங்களில் கிடைத்ததெல்லாம் பெரும்பாலும் தெற்கேயிருந்து, குவாங்டாங் பக்கத்திலிருந்து போனவர்கள் அங்கிருந்த வாடிக்கையாளர்களுக்காக உருவாக்கிய சாப் சூயி, சௌ மெய்ன், எக் ஃபூ யங் வகையறா. ஜாய்ஸ் வைத்ததோ வடக்கத்திச் சாப்பாடு: கோத்தியே என்ற வறுத்த கொழுக்கட்டை, மூ ஷூ பன்றிக்கறி, காரப்புளிப்பு சூப், பெய்ஜிங் வாத்து. பாஸ்டன் பக்கத்து ஆட்களுக்கு இதெல்லாம் பேர்கூடத் தெரியாத பண்டங்கள்.

பேர் தெரியாததைக் காசு கொடுத்து யார் வாங்குவார்? இந்தக் கேள்விக்கு அவர் கண்டுபிடித்த விடை பஃபே. செவ்வாயும் புதனும் உணவகங்களில் ஈயாடும் நாட்கள். அந்த இரண்டு இரவுகளிலும் ஒரே விலை, வேண்டியதை வேண்டிய அளவு எடுத்துச் சாப்பிடலாம் என்று வைத்தார். பிடிக்குமோ பிடிக்காதோ என்ற பயம் ஒரு கரண்டி அளவுக்குச் சுருங்கிப்போனது. இன்று அமெரிக்கா முழுக்க இருக்கும் சீன பஃபேக்களைப் பார்த்து முகம் சுளிக்கிறவர்கள், அது முதலில் வாடிக்கையாளருக்குப் புதுப் பண்டங்களைப் பழக்கும் ஏற்பாடாக இருந்தது என்பதை நினைத்துப் பார்க்க வேண்டும்.

பஃபேயில் ஒரு தொழில் சிக்கல் இருக்கிறது. சீனச் சமையலில் எல்லாப் பண்டமும் சூட்டுத் தட்டில் நிற்காது. அதிக நெருப்பில் இரண்டு நிமிடத்தில் வதக்கி எடுத்த கீரையைச் சூட்டுத் தட்டில் வைத்தால் கால் மணி நேரத்தில் பச்சை போய்க் காக்கி நிறமாகிவிடும். கார்ன்ஃப்ளார் போட்டுக் கெட்டியாக்கிய குழம்பு நேரம் ஆக ஆக நீர்விடும். நிற்கக்கூடியவை வேறு: சோயா சாஸிலும் சர்க்கரையிலும் நெடுநேரம் கொதித்த சிவப்புக் கறி, சூப், ஆவியில் வெந்தவை. வதக்கல் வகைகளைச் சின்னத் தட்டில், நாலைந்து பேருக்கு ஆகும் அளவே வைத்து, தீரத் தீரப் புதிதாகச் செய்து கொண்டுவர வேண்டும். பெரிய தட்டில் மொத்தமாகக் கொட்டி வைக்கிற இடத்தில் பஃபே தோற்கிறது. அதற்குப் பழி பஃபே என்ற ஏற்பாட்டின் மேல் இல்லை, தட்டின் அளவின் மேல்.

இன்னும் சில சின்ன வேலைகளும் செய்தார். பட்டியலில் ஒவ்வொரு பண்டத்துக்கும் எண் போட்டார். சீனம் தெரியாத வாடிக்கையாளர் எண்ணைச் சொன்னால் ஆங்கிலம் தெரியாத சமையல்காரருக்குப் புரிந்துவிடும். கோத்தியேவுக்குப் ‘பீக்கிங் ராவியோலி’ என்று பெயர் வைத்தார். இத்தாலியர் நிறைந்த ஊரில் ராவியோலி என்றால் மாவுக்குள் பூரணம் வைத்தது என்று சொல்லாமலே விளங்கும். பாஸ்டன் பக்கத்துச் சீன உணவகங்களில் இன்றைக்கும் அந்தப் பெயர் புழக்கத்தில் இருக்கிறது. பெயர், எண், பரிமாறும் முறை என்று இவையெல்லாம் பண்டத்துக்கு வெளியே செய்த மாற்றங்கள். கொழுக்கட்டைக்குள் இருந்தது பன்றிக்கறியும் கோஸும்தான், பாலாடைக்கட்டி இல்லை.

அடுப்புதான் சிக்கல்

1960லிருந்து ஜாய்ஸ் சென் கேம்பிரிட்ஜ், பாஸ்டன் வயதுவந்தோர் கல்வி மையங்களில் சமையல் வகுப்பு எடுத்தார். 1966ல் பாஸ்டனின் டபிள்யூஜிபிஎச் தொலைக்காட்சி நிலையத்தில் ‘ஜாய்ஸ் சென் குக்ஸ்’ தொடர் படமாக்கப்பட்டது. 26 பகுதிகள். ஜூலியா சைல்டு பிரெஞ்சுச் சமையல் செய்துகாட்டிய அதே அரங்கத்தையே இதற்கும் பயன்படுத்தினார்கள். எனக்கு இதுதான் அவர் வாழ்க்கையின் திருப்பமாகப் படுகிறது. புகழ் வந்தது என்பதற்காகச் சொல்லவில்லை. உணவகத்துச் சமையல் ஒரு வகை, பார்க்கிறவர் வீட்டில் போய்த் தானே செய்ய வேண்டிய சமையல் இன்னொரு வகை. உணவகத்தில் அடுப்பு நம் கையில் இருக்கிறது. வகுப்பிலும் தொலைக்காட்சியிலும் சொல்லித்தரும்போது அடுப்பு அடுத்தவர் வீட்டில் இருக்கிறது.

உருண்டை அடி வோக் சீன அடுப்புக்காகப் பிறந்தது. பழைய சீன வீட்டு அடுப்பு மண்ணாலோ செங்கல்லாலோ கட்டியது, மேலே வட்டமான ஓட்டை. வோக் அந்த ஓட்டைக்குள் இறங்கி உட்காரும். கீழே எரியும் நெருப்பு சட்டியின் அடியை மட்டுமல்ல, பக்கங்களையும் தழுவிக்கொண்டு மேலேறும். உணவக அடுப்பிலும் இதே அமைப்புதான், கேஸ் மட்டும் பீறிட்டு வரும். வீட்டு கேஸ் அடுப்பின் பெரிய பர்னர் ஏறத்தாழ 3 கிலோவாட் சூடு தரும் என்றால், உணவக வோக் அடுப்பு 30 கிலோவாட் தரும், அதற்கு மேலும் தரும். பத்து மடங்கு.

அமெரிக்க வீடுகளில் அப்போது மின்சுருள் அடுப்புகள் நிறைய. மின்சுருள், தான் தொடுகிற இடத்தைத்தான் நன்றாகச் சூடாக்கும். தட்டையான சுருளின் மேல் உருண்டை அடியை வைத்தால் நடுவில் ஒரு ரூபாய் நாணயம் அளவுக்குத்தான் தொடும். சட்டி ஆடும், கவிழும். கவிழாமல் இருக்க ஒரு உலோக வளையம் விற்பார்கள். அந்த வளையம் சட்டியைச் சுருளிலிருந்து இன்னும் மேலே தூக்கிவிடும், இருந்த சூடும் போய்விடும். விளைவு என்னவென்றால் நடுவில் பூண்டு கருகும், பக்கத்தில் கறி வெந்தும் வேகாமலும் நீர்விட்டுக் கிடக்கும். இந்தச் சட்டியில் புத்தகத்தைப் பார்த்துச் சமைத்தவர், சீனச் சமையல் தமக்கு வராது என்று முடிவுக்கு வந்திருந்தால் அவரைக் குறை சொல்ல முடியாது.

ஜாய்ஸ் செய்தது எளிமையான காரியம். அடியைத் தட்டையாக்கினார், பக்கங்களின் சரிவை அப்படியே விட்டார், பிடிக்க ஒரு நீளக் கைப்பிடி வைத்தார். அதற்குக் காப்புரிமையும் வாங்கினார். 1970களின் தொடக்கத்தில் சமையல் சாமான்களுக்கென்றே ஒரு நிறுவனமும் தொடங்கினார். காய் நறுக்கப் பாலிஎத்திலின் பலகையை அமெரிக்க வீடுகளுக்குப் பழக்கியதில் அவருக்குப் பங்கு உண்டு. கத்தி முனையைக் கெடுக்காது, கழுவ எளிது, ஈரத்தில் வளையாது. கண்ணாடிப் பலகையிலும் கல் மேடையிலும் சீனக் கத்தியை வைத்து நறுக்கினால் முனை ஒரே நாளில் மழுங்கும் என்பது தெரிந்தவர்களுக்கு இதன் அருமை புரியும்.

இந்த மாற்றத்தை மழுக்கல் என்று சொல்கிறவர்கள் ஒன்றை மறந்துவிடுகிறார்கள். வதக்கலுக்கு உயிர், சட்டியின் அடியில் இருக்கும் சூடு. அடி எந்த வடிவத்தில் இருக்கிறது என்பது அந்தச் சூட்டைக் கொண்டுவரும் வழி, அவ்வளவே. நெருப்பு கீழே தழுவி எரியும் இடத்தில் உருண்டை சரி. நெருப்பு தட்டையாகப் பரவும் இடத்தில் தட்டை சரி.

வீட்டு அடுப்பில் வதக்கல்: எங்கே கெடுகிறது

தட்டை அடி இருந்தாலும் 3 கிலோவாட் 3 கிலோவாட்தான். அதனால் அளவு முக்கியம். 35 சென்டிமீட்டர் வோக்கில் ஒரு தடவைக்கு 200 முதல் 250 கிராம் கறி, அதற்கு மேல் கூடாது. நாலு பேருக்குச் சமைக்க வேண்டுமானால் இரண்டு தடவையாகப் போட வேண்டும். அரை கிலோ கறியை ஒரே நேரத்தில் கொட்டினால் சட்டியின் சூடு சட்டென்று இறங்கி, கறியிலிருந்து வரும் நீர் ஆவியாக முடியாமல் தேங்கிவிடும். நீர் இருக்கும்வரை அந்த இடத்தில் சூடு 100 டிகிரியைத் தாண்டாது. கறி வதங்காமல் கொதிக்கும். பழுப்பும் வராது, வாசனையும் வராது. வீட்டு வதக்கல் கெடுவதற்கு இதுதான் முதல் காரணம், சட்டியின் வடிவம் எல்லாம் பிற்பாடு.

கறியை நாரின் குறுக்கே 3 மில்லிமீட்டர் கனத்தில் நறுக்க வேண்டும். அரை மணி ஃப்ரீசரில் வைத்து எடுத்தால் மெல்லிசாக நறுக்க வரும். 250 கிராமுக்கு ஒரு மேசைக்கரண்டி சோயா சாஸ், ஒரு மேசைக்கரண்டி ஷாவோஷிங் அரிசி மது, இரண்டு தேக்கரண்டி கார்ன்ஃப்ளார், ஒரு தேக்கரண்டி எண்ணெய் போட்டுப் பிசறி 20 நிமிடம் வைக்க வேண்டும். அரிசி மது கிடைக்காத ஊரில் இனிப்பில்லாத ஷெர்ரி போடுவது அந்தக் காலத்து அமெரிக்கச் சீனச் சமையல் புத்தகங்களின் வழக்கம், அது நன்றாகவே பொருந்தும். கடைசியில் சேர்க்கும் எண்ணெயை விட்டுவிடக் கூடாது. அது இல்லாவிட்டால் துண்டுகள் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகிவிடும்.

வெறும் சட்டியைச் சூடாக்கி ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டால் அது சுண்டாமல் மணியாக உருண்டோட வேண்டும். அப்போது எண்ணெய் ஊற்றிச் சுழற்றி உடனே கறியைப் பரப்ப வேண்டும். முதல் 30 விநாடி கிளறாமல் இருப்பதுதான் கஷ்டம். வோக் என்றாலே ஓயாமல் கிளற வேண்டும் என்று ஒரு நினைப்பு. உணவக நெருப்புக்கு அது சரி, கிளறாவிட்டால் கருகும். வீட்டு நெருப்பில் ஓயாமல் கிளறினால் எந்தத் துண்டுக்கும் சட்டியோடு உறவு ஏற்படாது. அடிப்பக்கம் பழுத்ததும் புரட்டி, முக்கால் பதம் வெந்ததும் கறியை எடுத்துத் தனியே வைத்துவிட்டு, சட்டியை மறுபடி சூடாக்கிக் காயைப் போட வேண்டும். காய் கழுவியது கழுவியபடி ஈரமாக இருக்கக் கூடாது. நறுக்குமுன் துணியில் துடைத்துக் காயவைப்பது நல்லது. காய் பாதி வெந்ததும் கறியைச் சேர்த்து, சாஸைச் சட்டியின் ஓரத்தில் வழிய விட்டால் அது சூடான உலோகத்தில் பட்டுக் கொஞ்சம் தீய்ந்து மணக்கும். கார்ன்ஃப்ளார் கரைசலைக் கடைசியில், ஊற்றுவதற்கு முன் மறுபடி கலக்கி, சட்டியில் நீர் கொதிக்கும்போதுதான் ஊற்ற வேண்டும். கலக்காமல் ஊற்றினால் மாவு கிண்ணத்தின் அடியிலேயே தங்கிவிடும்.

வடக்கத்தி அடுக்களையில் தட்டை அடி

தட்டை அடி சீனாவுக்கு அந்நியம் என்று சொல்கிறவர்கள் வடக்கத்திச் சாப்பாட்டை மறந்துவிட்டுப் பேசுகிறார்கள். வடக்கே கோதுமை நாடு. ரொட்டியும் அப்பமும் கொழுக்கட்டையும் சுடத் தட்டையான இரும்புச் சட்டி அங்கே பழையது. ஜாய்ஸ் சென் பெயரோடு ஒட்டிக்கொண்ட பண்டங்களில் இரண்டு உருண்டை அடியில் சரியாக வரவே வராது.

முதலாவது கோத்தியே. 300 கிராம் மைதாவுக்கு 160 மில்லி சூடான தண்ணீர், ஏறக்குறைய 80 டிகிரி. பச்சைத் தண்ணீரில் பிசைந்த மாவு வேகவைக்கும் கொழுக்கட்டைக்கு, ஏனென்றால் அதற்கு இழுவை வேண்டும், கொதிநீரில் கிழியக் கூடாது. வறுக்கிற கொழுக்கட்டைக்குச் சூடான தண்ணீர்தான் சரி. சூடு மாவின் ஒரு பகுதியைப் பாதி வேகவைத்துவிடுவதால் பசை இழுவை குறைந்து, மாவு மெத்தென்று, தேய்த்தால் சுருங்காமல் நிற்கும். மூடி அரை மணி ஊறவைத்து 32 உருண்டைகளாகப் பிரித்து 9 சென்டிமீட்டர் வட்டமாகத் தேய்க்க வேண்டும். நடு கொஞ்சம் கனமாக, ஓரம் மெல்லிசாக. ஓரம் மடிப்பில் இரட்டிப்பாகும் என்பதால் இப்படி. எல்லா இடமும் ஒரே கனமாகத் தேய்த்தால் அடி கிழிந்து சாறு ஒழுகும், மடிப்பு வேகாமல் மாவாக நிற்கும்.

பூரணத்துக்கு 300 கிராம் கொத்திய பன்றிக்கறி, கொஞ்சம் கொழுப்போடு. 250 கிராம் சீன முட்டைகோஸைப் பொடியாக நறுக்கி ஒரு தேக்கரண்டி உப்புப் பிசறி கால் மணி கழித்து ஒட்டப் பிழிய வேண்டும். இந்த வேலையை அரைகுறையாகச் செய்தவர்களின் கொழுக்கட்டைதான் அடுப்புக்குப் போகுமுன்பே மேடையில் ஈரமாகி ஒட்டிக்கொள்வது. கறியில் இரண்டு மேசைக்கரண்டி சோயா சாஸ், துருவிய இஞ்சி, வெங்காயத்தாள் சேர்த்து, மூன்று நான்கு மேசைக்கரண்டி ஆறிய சூப்பைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றி ஒரே திசையில் கலக்கினால் கறி அதை உறிஞ்சிப் பிசுபிசுப்பாகும். வெந்தபின் கடிக்கும்போது வாயில் வழியும் சாறு இதுதான். கோஸையும் ஒரு மேசைக்கரண்டி எள்ளெண்ணெயையும் கடைசியில் சேர்க்க வேண்டும். எள்ளெண்ணெய் என்றால் வறுத்த எள்ளில் எடுத்தது, நம் நல்லெண்ணெயின் மணம் வேறு.

சுடுவதுதான் விஷயமே. தட்டைச் சட்டியில் இரண்டு மேசைக்கரண்டி எண்ணெய், நடுத்தரத் தீ. கொழுக்கட்டைகளை அடி படிய நெருக்கமாக அடுக்கி இரண்டு நிமிடம். அடி லேசாகப் பழுத்ததும் 120 மில்லி தண்ணீரை ஊற்றி உடனே மூடி ஏழெட்டு நிமிடம். பிறகு மூடியைத் திறந்து, தண்ணீர் முழுக்க வற்றி, சலசலப்புச் சத்தம் படபடப்பாக மாறும்வரை காத்திருக்க வேண்டும். அந்தச் சத்த மாற்றம் எண்ணெய் மறுபடி தனியாக வேலை செய்யத் தொடங்கியதற்கு அடையாளம். இன்னும் ஒரு நிமிடம் விட்டால் அடி மொறுமொறுவென்று தானே விட்டுக்கொள்ளும். ஈரம் இருக்கும்போதே திருப்பி போட்டுச் சுரண்டினால் தோல் சட்டியோடு போய்விடும். இதை உருண்டை அடியில் செய்து பாருங்கள்: நடுவில் இருக்கும் நாலு கொழுக்கட்டை தண்ணீரில் மூழ்கிக் குழையும், ஓரத்தில் இருப்பவை அடி தொடாமல் சரிந்து கிடக்கும்.

இரண்டாவது, மூ ஷூ பன்றிக்கறிக்கும் வாத்துக்கும் தொட்டுச் சுருட்டும் மெல்லிய அப்பம். 250 கிராம் மைதாவில் 170 மில்லி கொதிக்கும் தண்ணீரை ஊற்றிக் குச்சியால் கிளறி, கை பொறுக்கும் சூட்டில் பிசைந்து அரை மணி ஊறவைத்து 16 உருண்டை. ஒவ்வொன்றையும் வில்லையாகத் தட்டி, ஒன்றின் மேல் எள்ளெண்ணெய் தாராளமாகத் தடவி, இன்னொன்றை மேலே வைத்து, ஜோடியாக 17 சென்டிமீட்டருக்குத் தேய்க்க வேண்டும். எண்ணெய் இல்லாத காய்ந்த சட்டியில் ஒரு பக்கம் ஒரு நிமிடம். நடுவில் ஆவி உண்டாகி அப்பம் உப்பும். எடுத்த சூட்டோடு ஓரத்தைப் பிடித்து இரண்டாகப் பிரித்தால் ஒவ்வொன்றும் ஒளி தெரியும் மெல்லிசில் வந்துவிடும். ஆறவிட்டால் ஒட்டிக்கொண்டு கிழியும். ஓரம்வரை எண்ணெய் தடவாவிட்டாலும் கிழியும். தனித்தனியாகத் தேய்த்தால் இந்த மெல்லிசு வராது, வந்தாலும் சட்டியில் காய்ந்து அப்பளமாகும். நம் தோசைக்கல் இதற்கு அப்படியே பொருந்தும்.

மாற்றாமல் விட்டது

இவர் பிரபலப்படுத்திய காரப்புளிப்பு சூப்பை எடுத்துக்கொண்டால், அதில் மாற்றக் கூடாத இடம் எது என்று தெரியும். காரம் வெள்ளை மிளகில், புளிப்பு வினிகரில், மிளகாயில் அல்ல. ஒரு லிட்டர் சூப்புக்கு ஒரு தேக்கரண்டி வெள்ளை மிளகுத்தூள், மூன்று மேசைக்கரண்டி வினிகர். இரண்டும் கடைசியில், அடுப்பை அணைத்தபின், சேர்க்க வேண்டும். வினிகரின் வாசனை கொதித்தால் பறந்துவிடும், மிளகும் மணம் போய்க் கசப்பு மட்டும் மிஞ்சும். முட்டையைக் கார்ன்ஃப்ளார் ஊற்றிக் கெட்டியானபின் நூல்போல் விட வேண்டும். நீர்த்த சூப்பில் விட்டால் முட்டை அடியில் போய்த் திரிந்து கிடக்கும், கெட்டியான சூப்பில் இதழ் இதழாக மிதக்கும். டோஃபுவும் கறுப்பு மரக்காளானும் லில்லி மொட்டும் கிடைக்காத ஊரில் வேறு காளான் போடலாம், சூப் சாகாது. மிளகையும் வினிகரையும் குறைத்தால் அது வேறு சூப்.

1962ல் வந்த ‘ஜாய்ஸ் சென் குக் புக்’ இந்த மனப்பாங்கில் எழுதப்பட்டது. படங்கள் வண்ணத்தில் வர வேண்டும் என்று அவர் பிடிவாதமாக இருந்தார், பதிப்பகம் ஒத்துவரவில்லை. சொந்தச் செலவில் அச்சடித்தார். வெளிவருமுன்பே உணவகத்து மேசையிலேயே 6,000 பிரதிகளுக்கு மேல் விலை போனது. பிறகு லிப்பின்காட் பதிப்பகம் எடுத்துக்கொண்டது. முன்னுரை எழுதியவர் பால் டட்லி ஒயிட் என்ற பாஸ்டன் இதய மருத்துவர், அமெரிக்க அதிபர் ஐசன்ஹோவருக்குச் சிகிச்சை செய்தவர். வண்ணப் படத்துக்கான பிடிவாதம் வெறும் அலங்காரத்துக்கு என்று எனக்குத் தோன்றவில்லை. இதுவரை சாப்பிட்டே பார்க்காத ஒரு பண்டம் எந்தப் பழுப்பில் இறக்கப்பட வேண்டும் என்பதைக் கறுப்பு வெள்ளைப் படத்தால் சொல்ல முடியாது.

அதே காலத்தில் சான் பிரான்சிஸ்கோவில் சிசிலியா சியாங் 1961ல் ‘மாண்டரின்’ உணவகத்தைத் திறந்தார். பாதை வேறு: வெள்ளைத் துணி விரித்த மேசை, உயர்ந்த விலை, சிறந்த சமையல்காரர்களை வைத்து நடத்துவது. லண்டனில் கென்னத் லோ முதலில் புத்தகங்களை எழுதிக் குவித்துவிட்டு 1980ல்தான் ‘மெமரீஸ் ஆஃப் சைனா’வைத் திறந்தார். மூன்று பேரில் மேசையில் உட்காருகிறவரைவிட அடுப்படியில் நிற்கிறவரைப் பற்றி அதிகம் யோசித்தவர் ஜாய்ஸ் என்பது என் கணிப்பு.

குறை சொல்ல வேண்டிய இடம்

1980களில் அவர் பெயரில் புட்டியில் அடைத்த சாஸ்களும் வந்தன. வதக்கலுக்கான சாஸ் அதில் ஒன்று. இங்கேதான் எனக்கு ஒத்துவரவில்லை. சட்டியை அடுப்புக்கு ஏற்ப மாற்றினால் சமைப்பவர் கையில் கட்டுப்பாடு கூடுகிறது. எல்லாவற்றுக்கும் ஒரே சாஸ் என்று புட்டியில் கொடுத்தால் குறைகிறது. மாட்டுக்கறிக்கும் கீரைக்கும் இறாலுக்கும் ஒரே ருசி வந்துவிடுகிறது. அதைவிட நடைமுறைச் சிக்கல் ஒன்று: இப்படிப்பட்ட புட்டிச் சாஸ்களில் சர்க்கரையும் மாவும் முன்கூட்டியே கலந்திருக்கும். நன்றாகக் காய்ந்த சட்டியில் சர்க்கரை உடனே தீயும், அது தீயக் கூடாது என்று சூட்டைக் குறைத்தால் வதக்கல் வேகலாகிவிடும்.

ஒட்டாத பூச்சுப் பூசிய வோக்கும் அவர் பெயரில் விற்கிறது. அதுவும் இதே கணக்குதான். அந்தப் பூச்சு வெறும் சட்டியாகக் காய்ச்சத் தாங்காது. 260 டிகிரியைத் தாண்டினால் கெடத் தொடங்கும், வதக்கலுக்கோ சட்டி அந்தப் பக்கம்தான் போக வேண்டும். தட்டை அடி வாங்குகிறவர்கள் பூச்சு இல்லாத கார்பன் ஸ்டீலாக, 2 மில்லிமீட்டர் கனத்தில் வாங்க வேண்டும். மெல்லிசானது கறி போட்டதும் ஆறிவிடும். புதுச் சட்டியில் துருப் பிடிக்காமல் இருக்க ஒரு எண்ணெயோ மெழுகோ தடவியிருப்பார்கள், அதைச் சோப்பும் வெந்நீரும் போட்டுத் தேய்த்து எடுத்துவிட்டு, உலோகம் நீலம் பாயும்வரை காய்ச்சி, ஒரு தேக்கரண்டி எண்ணெயைத் துணியால் தேய்த்து, துடைத்து, மறுபடி காய்ச்ச வேண்டும். எண்ணெய் அதிகமானால் கெட்டிப் பிசினாக நிற்கும். துடைத்தபின் எண்ணெயே இல்லாததுபோல் தெரிந்தால்தான் சரியான அளவு.

தட்டை அடிக்கென்று இரண்டு குறைகள் உண்டு. உருண்டைக் கரண்டி அடியும் பக்கமும் சேரும் மடிப்பில் நுழையாது, அங்கே மாவும் சாஸும் பிடித்துத் தீயும். முனை தட்டையான திருப்பியை வைத்துக்கொள்ள வேண்டும். பொரிப்பதற்கு உருண்டை அடியில் அரை லிட்டர் எண்ணெயில் ஆழம் கிடைத்துவிடும், தட்டை அடியில் அதே ஆழத்துக்கு இன்னும் கணிசமாக ஊற்ற வேண்டியிருக்கும்.

1980களின் நடுவில் ஜாய்ஸ் சென்னுக்கு மறதி நோய் வந்தது. 1994 ஆகஸ்டில் இறந்தார். கேம்பிரிட்ஜில் கடைசியாக மிஞ்சியிருந்த உணவகம் 1998ல் மூடியது. 2014ல் அமெரிக்க அஞ்சல் துறை சமையல் வல்லுநர்கள் ஐந்து பேருக்கு அஞ்சல்தலை வெளியிட்டபோது ஜூலியா சைல்டோடு அவரும் இருந்தார். உருண்டை அடிக்காரர்களுக்கு இன்னும் ஒரு செய்தி: இண்டக்‌ஷன் அடுப்பு காந்தப்புலத்தில் வேலை செய்கிறது, சட்டி கண்ணாடியிலிருந்து சில மில்லிமீட்டர் விலகினாலே சூடு சரிந்துவிடும், பல அடுப்புகள் சட்டியே இல்லை என்று அணைந்துவிடும். அதற்கென்று குழிந்த இண்டக்‌ஷன் அடுப்பும் விற்கிறார்கள், விலை விசாரித்துவிட்டு வாருங்கள்.